அன்றும் பௌர்ணமி

அன்புள்ள சேகர்,

படங்கள் வந்தன. கரிட்டா கடற்கரையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பின்னால் தூரத்தில் புகை மாதிரி தெரிகிற அனாக் கிரக்காத்தோ எரிமலையைக் கைகாட்டிக்கொண்டு நிற்கிறாயே, அதைப் பார்த்து இவள் சிரித்துக்கொண்டே இருக்கிறாள். ஜகார்த்தாவிலும் திருந்தவில்லையா என்கிறாள். நான் உடனே பதில் போடாததற்குக் காரணம் அந்தப் படமில்லை, அதன் கீழே நீ எழுதியிருந்தது. "இப்போதெல்லாம் பயமில்லைடா, பூமி ஆடினால் சைரன் வந்துவிடும், இல்லாவிட்டால் கடல் உள்வாங்கும், பார்த்துவிட்டு ஓடிவிடலாம்." நாலு நாளாக இது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நீ நிற்கிற அதே கரையில் 2018 டிசம்பர் 22 ராத்திரி ஒன்பதரை மணி வாக்கில் என்ன நடந்தது என்று உன் பையனைக் கேள். பூமி ஆடவில்லை, சைரனும் ஊதவில்லை. ஜூன் மாதத்திலிருந்தே கக்கிக்கொண்டிருந்த அந்த மலையின் தென்மேற்குப் பக்கம் அப்படியே சரிந்து கடலுக்குள் போய்விட்டது, 338 மீட்டர் இருந்த மலை சில நாளில் 110 மீட்டராகக் குறைந்தது. சரிந்த மண்தான் அலையைத் தள்ளியது, நிலநடுக்கம் இல்லை. ஆனால் சைரனைக் கட்டியவர்கள் நிலநடுக்கத்தை நம்பித்தான் கட்டியிருந்தார்கள். அரை மணி நேரத்துக்குள் அலை கரைக்கு வந்துவிட்டது, தஞ்சுங் லெசுங்கில் மேடை போட்டுப் பாடிக்கொண்டிருந்தவர்களைப் பின்னாலிருந்து அடித்துக்கொண்டு போனது. இறந்தவர்கள் 430க்கும் மேல். இதில் எனக்கு இன்னும் ஆறாதது என்ன தெரியுமா, அன்றைக்குப் பௌர்ணமி, அதனால் அதிகாரிகளே முதலில் இது சுனாமி இல்லை, பௌர்ணமி ஓதம் என்று அறிவித்தார்கள், அப்புறம்தான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மாற்றினார்கள்.

இத்தனைக்கும் இது அந்தக் குடும்பத்துக்குப் புதிதில்லை. அனாக் என்றால் பிள்ளை என்று நீயே சொன்னாய். அப்பன் கிரக்காத்தோ 1883 ஆகஸ்டில் வெடித்தபோது சத்தம் 4,800 கிலோமீட்டர் தள்ளி இந்தியப் பெருங்கடலின் ரோட்ரிக்ஸ் தீவு வரை கேட்டது என்பார்கள். செத்த 36,000 பேரில் பெரும்பாலானவர்கள் நெருப்பில் சாகவில்லை, தண்ணீரில் செத்தார்கள். அந்தப் பள்ளத்திலிருந்துதான் 1927இல் பிள்ளை தலையை நீட்டியது.

சரி, ஆடினால்தானே ஓட வேண்டும் என்கிற கதைக்கு வருகிறேன். உனக்கு சிமுலுவே தீவு தெரிந்திருக்கும், சுமத்ராவுக்கு மேற்கே. 1907இல் அங்கே ஒரு பெரிய அலை வந்து கொள்ளைச் சாவு. அதிலிருந்து பூமி பலமாக ஆடினால், கடல் வற்றினால், மலைக்கு ஓடு என்று பாட்டிகள் தாலாட்டிலும் கதையிலும் ஊட்டி வளர்த்தார்கள், அந்த அலைக்கு ஸ்மோங் என்று பெயர். 2004இல் நடுக்கத்தின் மையம் அந்தத் தீவுக்குப் பக்கத்திலேயே, அலை வர பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஆனால் 78,000 பேர் இருந்த தீவில் இறந்தவர்கள் ஏழே பேர். எந்தக் கருவியும் இல்லாமல்!

இதைப் படிக்கிறவர்கள் எல்லாம் நம் ஊருக்கும் இப்படி ஒரு பாட்டு வேண்டும் என்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் அந்தப் பாட்டு நாகப்பட்டினத்துக்கு உதவாதுடா. பாட்டின் முதல் அடியே பூமி ஆடுவது, நமக்கு எங்கே ஆடியது? காலை 6.29க்கு அங்கே பிளவு தொடங்கியது, அளவு 9.1 என்கிறார்கள், அந்தமான் வரைக்கும் 1,200 கிலோமீட்டருக்கு மேல் கிழிந்தது, சென்னையில் சிலருக்குக் கட்டில் லேசாக ஆடியது, நான் இங்கே பல் தேய்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

கடல் உள்வாங்குவதும் அப்படித்தான். அங்கே கடலுக்கு அடியில் பூமி ஓட்டின் நம் பக்கத்துப் பாறைத் தட்டு மேலே உள்ள தட்டுக்கு அடியில் சொருகிக்கொண்டே போகிறது, போகும்போது மேல்தட்டின் விளிம்பையும் கூடவே கீழே இழுக்கிறது. பல நூறு வருஷம் கழித்துப் பிடி விடும்போது விளிம்பு வில் மாதிரி துள்ளி மேலே எழும்புகிறது, அதற்குப் பின்னால் கிழக்குப் பக்கம் தாழ்கிறது. அதனால் கிழக்கே இருக்கிற தாய்லாந்துக்கு முதலில் அலையின் பள்ளம் போனது, கடல் வற்றியது, சிலர் புரிந்துகொண்டு ஓடினார்கள். மேற்கே இருக்கிற இலங்கைக்கும் நமக்கும் முதலில் வந்ததே மேடு. நம் பக்கம் கடல் வற்றியதைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் பார்த்தது முதல் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவில்தான், அதை வேடிக்கை பார்க்கப் போய்ச் செத்தவர்கள் எத்தனை பேர்!

அன்றைக்கும் பௌர்ணமி, மார்கழி, ஞாயிற்றுக்கிழமை. மீன் வாங்க அக்கரைப்பேட்டைக்குக் கிளம்பிய என்னை இவள்தான் "பௌர்ணமியும் அதுவுமாக மீனா" என்று பையைப் பிடுங்கி வைத்தாள். ஒன்பது மணிக்கு மேல் தெருவில் ஓடிவந்தவர்களைப் பார்த்து ஏதோ சண்டை என்றுதான் நினைத்தேன், ஈரத்தோடு வந்த ஒருவர் கடல் வருகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்காமல் போனார். மற்றதை நான் எழுத வேண்டாம், நீயும் மூன்றாம் நாள் வந்து பார்த்தாய். மாவட்டத்தில் மட்டும் 6,000 பேர். ஆழ்கடலில் இருந்த படகுக்காரர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை, நடுக்கடலில் அதன் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு, ஆனால் விமானத்தின் வேகம். அவர்கள் கரைக்கு வந்தபோதுதான் கரை இல்லை. சுனாமி என்றால் துறைமுக அலை என்று ஜப்பான்காரர்கள் பெயர் வைத்ததற்கே இதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். அவர்களுக்கும் 1896இல் சன்ரிக்கு கரையில் லேசான ஆட்டம்தான், திருவிழாவில் யாரும் கண்டுகொள்ளவில்லை, அரை மணி கழித்து வந்த அலையில் 22,000 பேர் போனார்கள்.

2012 ஏப்ரல் 11 நினைவிருக்கிறதா? 8.6, சென்னையில் ஆபீஸை விட்டு எல்லோரும் தெருவுக்கு ஓடிவந்தார்கள், நீயும் மாடிப்படியில் செருப்பை விட்டுவிட்டு ஓடினாய். அன்று தட்டு பக்கவாட்டில் நகர்ந்தது, தண்ணீரைத் தூக்கவில்லை, பெரிய அலை வரவில்லை. நம்மை நன்றாக ஆட்டிய நடுக்கம் சும்மா போனது, ஆட்டாத நடுக்கம்தான் கொன்றது.

ஆகவே நமக்கு ஸ்மோங் பாட்டு என்றால் அது ஹைதராபாத் சுனாமி எச்சரிக்கை மையம்தான், 2007இலிருந்து இருக்கிறது, சில நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள், அதில் எனக்கு நம்பிக்கை உண்டு. நமக்கு இரண்டரை மணி நேரம் இருக்கிறது. அன்றும் அந்த இரண்டரை மணி நேரம் இருந்தது, கார் நிகோபாரைக் கடல் எப்போதோ அடித்துவிட்டது, இங்கே கரையில் நிற்கிறவனுக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். உனக்கு அங்கே அந்த நேரமும் கிடையாது. அதனால்தான் நீ எழுதியது பிடிக்கவில்லை.

நான் ராத்திரியில் போனை சைலண்டில் போடுவதை விட்டுவிட்டேன். விடிகாலை நாலரைக்கு நம் கல்யாணசுந்தரம் அனுப்புகிற காலை வணக்கப் பூங்கொத்துக்கெல்லாம் முழித்துக்கொள்கிறேன், இவள் திட்டுகிறாள். பையன் அடுத்த முறை கரிட்டாவில் அறை போட்டால் தரைத்தளம் வேண்டாம் என்று சொல், உயரமான இடத்துக்கு எந்த வழி என்று வந்த அன்றே நடந்து பார்த்துவிடுங்கள், மலை கக்குகிற மாதமாக இருந்தால் போகவே வேண்டாம். திரும்பி வரும்போது ஜாவா காப்பிக்கொட்டை அரைக் கிலோ கொண்டு வா, வறுக்காததாகப் பார்த்து வாங்கு, இங்கே நான் வறுத்துக்கொள்கிறேன்.

உன்,
பாலு