கசிவையும் கணக்கில் எடுக்க வேண்டும்

ஆசிரியருக்கு,

செப்சிஸ் (தொற்றுக்கு உடல் காட்டும் கட்டுமீறிய எதிர்வினையால் உறுப்புகள் பழுதாகும் நிலை) குறித்து நீங்கள் வெளியிட்ட கட்டுரை, முதல் 3 மணி நேரத்தில் உடல் எடையில் கிலோவுக்கு 30 மி.லி. திரவம் ஏற்றும் பரிந்துரையை நன்றாக விளக்கியது. சரி, ஏற்றிய திரவம் ரத்தக்குழாய்க்குள்ளேயே தங்குகிறதா? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கடும் செப்சிஸில் நுண்ணிய ரத்தக்குழாய்களின் உட்படலம் சிதைந்து, நீரும், அல்புமின் என்ற ரத்தப் புரதமும் திசுக்களுக்குள் கசிகின்றன. ரத்த அழுத்தம் தாழ்ந்தே கிடக்கும். நுரையீரலிலோ நீர் கோத்துக்கொள்ளும். அப்போதும் மேலும் மேலும் திரவம் ஏற்றுவது ஆபத்து.

கசிவை நேரடியாக அளக்கும் ஒற்றைப் பரிசோதனை படுக்கையருகே இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. ஆனால் தடயங்கள் உண்டு: நுரையீரல் அல்ட்ராசவுண்ட், அல்புமின் அளவு, நீர் வரவு செலவுக் கணக்கு, அப்புறம் தேங்கும் நீரால் ஏறும் உடல் எடை. தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக நான் பார்த்தவரை, இவற்றில் முதலில் விடுபடுவது எடைதான். சுவாசக் கருவியில் இருப்பவரை எடை பார்ப்பது அவ்வளவு சிரமம். எடை காட்டும் கட்டில்களைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கட்டாயமாக்கலாம். முதல் கட்ட அவசரம் தணிந்த பின், அன்றைய எடையைப் பார்த்துவிட்டே அடுத்த பாட்டிலை மாட்டுவது நடைமுறையாக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு செவிலியர்