எஞ்சின் போய்விட்டது என்று சொல்வதற்கு முன் காயிலைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாஸ்டா ஆர்எக்ஸ்-8 வைத்திருப்பவர்களும், அதைப் பழையதாக வாங்க நினைப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறோம். 2003 முதல் 2012 வரை தயாரான இந்த ஸ்போர்ட்ஸ் கார் பிஸ்டனே இல்லாமல், முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி எஞ்சினில் ஓடுவது. இளைஞர்கள் ஆசை ஆசையாக வாங்குகிறார்கள். கொஞ்ச நாளில் எஞ்சின் மிஸ் அடிக்க, அதாவது சில வெடிப்புகள் தவறி ஓட்டம் சீர்கெடத் தொடங்குகிறது. காட்டப் போன இடத்தில் பானெட்டைத் திறந்த கையோடு, "ரோட்டரி இப்படித்தான், சீல் போய்விட்டது, எஞ்சினையே மாற்ற வேண்டும்" என்று சொல்லிவிடுகிறார்கள். எதையும் அளக்காமல் சொல்லும் இந்தத் தீர்ப்பை யாரும் ஏற்க வேண்டாம். இந்த காரில் மிஸ் அடித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, ப்ளக்கில் பொறி விட உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலைத்தான்.

காரணம் எளிது. சாதாரண நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் சிலிண்டருக்கு ஒரு காயில் இருந்தால், கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது அது ஒருமுறை பொறி விடும். ரோட்டரியில் நடுத்தண்டின் (கிராங்க் போன்றது) ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு ரோட்டரிலும் ஒரு வெடிப்பு உண்டு. ஆர்எக்ஸ்-8 எஞ்சினில் 654 சிசி அளவில் இரண்டு ரோட்டர்கள். ரோட்டருக்கு இரண்டு ப்ளக்: கீழே இருப்பது லீடிங், மேலே இருப்பது டிரெயிலிங். ஆக நான்கு ப்ளக், நான்கு காயில். நிமிடத்துக்கு 9,000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு காயிலும் நொடிக்கு 150 முறை பொறி விட வேண்டும். போதாததற்கு, காயில்கள் உட்கார்ந்திருப்பதும் எஞ்சின் சூட்டிலேயே. மற்ற கார்களில் பல ஆண்டு தாங்கும் பொருள் இங்கே சீக்கிரம் தளர்ந்துவிடுகிறது. இந்த எஞ்சினில் பழகியவர்கள் ஏறத்தாழ 50,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை நான்கையும் மாற்றிவிடுவது இதனால்தான்.

இதில் ஏமாற்றும் அம்சம் ஒன்று உண்டு. ஒரு காயில் செத்தாலும் அதே ரோட்டரின் இன்னொரு ப்ளக் எரித்துக்கொண்டே இருக்கும். அதனால் கார் நிற்காது, பெரிதாகக் குலுங்காது. ஏற்றத்தில் இழுவை கொஞ்சம் குறையும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், பின்னால் எரியாத பெட்ரோல் வாடை வரும். ஓட்டுபவர் பழகிப்போய்விடுவார். ரோட்டரியின் எரியும் அறை நீண்டு ஒடுங்கியது. அதில் நெருப்பைப் பரப்புவதே பெரும்பாடு. 1991-இல் லெ மான்ஸ் பந்தயத்தை வென்ற மாஸ்டா 787பி காரில் ரோட்டருக்கு மூன்று ப்ளக் வைத்திருந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்எக்ஸ்-8-இன் இரண்டு ப்ளக்கில் ஒன்று போனால் எரியாத பெட்ரோல் அப்படியே புகைக்குழாய்க்குள் இறங்கும். அங்கே புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் போய்ப் பற்றிக்கொள்ளும். உள்ளிருக்கும் தேன்கூடு உருகி வழியை அடைக்கும். புகை வெளியேற முடியாமல் அந்தச் சூடு எஞ்சினுக்கே திரும்பும். ஆர்எக்ஸ்-8-இல் புகை வெளியேறும் வாய் பக்கச் சுவரில் இருப்பதால் அடி விழுவது பக்க சீல்களுக்கு. காயிலில் தொடங்கிய பழுது எஞ்சினைக் கொல்வது இப்படித்தான். செக் எஞ்சின் விளக்கு நிலையாக எரியாமல் விட்டு விட்டு மின்னினால், கன்வர்ட்டர் கெடும் அளவுக்கு மிஸ் அடிக்கிறது என்று பொருள். அப்போது காலைத் தூக்கி, மெதுவாக ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்துவிட வேண்டும். "வீடுவரை ஓட்டிவிடலாம்" என்பது வேண்டாம்.

இனி சோதனைக்கு வருவோம். முதலில் ஸ்கேனர். காரின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த பிழைக் குறியீட்டை அது காட்டும். பி0301 என்றால் முன் ரோட்டர், பி0302 என்றால் பின் ரோட்டர். பி0300 என்றால் இரண்டிலும் மாறி மாறி. எஞ்சின் ஓடும்போது ப்ளக் ஒயரைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய வழக்கம் இங்கே கூடாது. கையில் ஷாக் அடிப்பது ஒருபுறம், காயிலுக்குள்ளேயே இருக்கும் மின்னணுப் பகுதியும் போய்விடும். அதற்குப் பதில், ஒயரில் பொறி போகும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட்டின் கிளிப்பை நான்கு ஒயர்களிலும் ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். ஒளி சீராக வெட்ட வேண்டும். இடையிடையே தவறினால் அந்த வரிசையில் பழுது. ஆனால் இது, கார் நிற்கும்போதே (ஐடிலில்) தவறும் காயிலைத்தான் காட்டும். பாதி உயிரோடு இருக்கும் காயில் ஐடிலில் ஒழுங்காக வேலை செய்து, சுமை ஏறும்போது கைவிடும். அதைப் பிடிக்க, இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பார்க் டெஸ்டர் வேண்டும். இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போனால் நல்ல காயில் பளீரென்று நீலமாக, சத்தத்தோடு தாண்டும். களைத்த காயிலின் பொறி மஞ்சளாக மெலிந்து அறுந்துபோகும்.

டெஸ்டர் இல்லாதவர்களுக்குச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. நான்கு காயிலும் ஒரே பொருள்தான். முன் லீடிங் காயிலையும் பின் லீடிங் காயிலையும் இடம் மாற்றிப் போட்டு, ஸ்கேனரில் பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பி0301 போய் பி0302 வந்தால் குற்றவாளி காயில். குறியீடு அதே ரோட்டரில் நின்றால் டிரெயிலிங் ஜோடியையும் அதேபோல் மாற்றிப் பாருங்கள். அப்போதும் நகராவிட்டால் ஒயர், ப்ளக், அல்லது கம்ப்ரஷன் (அறைக்குள் உண்டாகும் அழுத்தம்) காரணமாக இருக்கும். கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு ஒயரிலும் கனெக்டரிலும் டேப் ஒட்டி எழுதிவிடுங்கள். லீடிங்கும் டிரெயிலிங்கும் பொறி விடும் நேரம் வேறு வேறு. ஒயர் மாறிப்போனால் புதிதாக ஒரு பழுதை நாமே உண்டாக்கியவர்கள் ஆவோம்.

ப்ளக்கைக் கழற்ற இடது முன் சக்கரத்தை எடுத்துவிட்டால் வழி கிடைக்கும். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ரோட்டர் ஹவுசிங் அலுமினியம் என்பதால் சூட்டில் கழற்றினால் மரை வழுக்கும். கீழே போட வேண்டியது என்ஜிகே நிறுவனத்தின் ஆர்இ7சி-எல் ப்ளக், மேலே ஆர்இ9பி-டி. இரண்டின் வெப்ப வரம்பு (ஹீட் ரேஞ்ச்) வேறு என்பதால் மாற்றிப் போடக் கூடாது. ஈரமாக, பெட்ரோல் வாடையோடு வந்தால் அந்த ப்ளக்கில் பொறி இல்லை. உலர்ந்த கரி படிந்திருந்தால் பொறி பலவீனம். இரிடியம் முனையைத் தட்டி இடைவெளி சரிசெய்ய முயல வேண்டாம். புதியதைக் கையாலேயே முழுதும் திருகி உட்காரவைத்து, கடைசியில் மட்டும் சுமார் 15 நியூட்டன் மீட்டர் இறுக்கம் கொடுத்தால் போதும். காயில் மாற்றும்போது நான்கையும், ஒயர்களையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரே வயதுடையவை, ஒன்று போனால் மற்றவை பின்னால் வரிசையில் நிற்கின்றன. விலை மலிவு என்று பெயர் தெரியாத காயில் வாங்கினால் இதே வேலையை மறுபடி செய்ய வேண்டிவரும்.

பொறி எல்லாம் சரி, ஆனாலும் மிஸ் அடிக்கிறது என்றால் அப்போதுதான் கம்ப்ரஷன். இங்கேதான் பெரும் தவறு நடக்கிறது. பிஸ்டன் எஞ்சினுக்கான சாதாரண கேஜ், வந்த அழுத்தங்களில் அதிகமானதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரோட்டருக்கு மூன்று முகம், மூன்று அறை. இரண்டு அறை நன்றாக இருந்து மூன்றாவது செத்திருந்தாலும் அந்த கேஜ் நல்ல எண்ணைத்தான் காட்டும். ரோட்டரிக்கென்றே உள்ள கருவி மூன்றையும் தனித்தனியாகத் தரும். எஞ்சின் சூடாக, பேட்டரி முழு சார்ஜில், நிமிடத்துக்கு 250 சுற்றில் குறைந்தது 680 கிலோபாஸ்கல் வர வேண்டும். ஒரே ரோட்டரின் அறைகளுக்குள் 150-க்கு மேலும், இரண்டு ரோட்டர்களுக்கிடையே 100-க்கு மேலும் வித்தியாசம் இருக்கக் கூடாது. ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றினால் எண் குறைந்துதான் காட்டும். சுற்று வேகத்தைச் சொல்லாமல் வெறும் அழுத்தத்தை மட்டும் சொன்னால் அது கணக்கில் சேராது. நல்ல எஞ்சினுக்கு மரணச் சான்று கொடுத்துவிடுவதும் இந்த இடத்தில்தான்.

மற்ற காரணங்களும் உண்டு. ஏர் ஃப்ளோ சென்சாரில் தூசி, வேக்கம் குழாயில் விரிசல், களைத்த பெட்ரோல் பம்ப். ஆறிய காரை ஸ்டார்ட் செய்து ஓரடி நகர்த்தி உடனே அணைத்தால் உள்ளே பெட்ரோல் தேங்கி ப்ளக் நனைந்துவிடும். அப்போது ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்தபடி பத்து நொடி கிராங்க் செய்தால் பெட்ரோல் நின்று உள்ளிருப்பது வெளியேறும். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பின் மிஸ் அடிப்பதாகக் குறியீடு வந்தால், சாவியை ஆன் நிலையில் வைத்து எஞ்சினை இயக்காமல் எட்டு நொடிக்குள் பிரேக்கை இருபது முறை மிதியுங்கள். எண்ணெய் அழுத்த முள் எழுந்து விழும். நடுத்தண்டு சென்சாரின் கணக்கை கம்ப்யூட்டர் மறுபடி கற்றுக்கொள்ளத் தயாராகிவிட்டது என்று அர்த்தம்.

பழைய ஆர்எக்ஸ்-8 வாங்கச் செல்பவர்கள் இரண்டு ரோட்டருக்கும் சேர்த்து ஆறு எண்களும், கிராங்க் செய்த சுற்று வேகமும் எழுதிய தாளைக் கேட்டு வாங்குங்கள். காயில் கடைசியாக மாற்றிய பில்லையும் கேளுங்கள். "எஞ்சின் போய்விட்டது" என்று சொல்லும் ஒர்க்‌ஷாப்பிலும் அதே தாளைக் கேளுங்கள். அது கைக்கு வரும்வரை எஞ்சினை இறக்கச் சம்மதிக்காதீர்கள்.

இப்படிக்கு,
ரோட்டரி எஞ்சின் மெக்கானிக்குகள்,
கிள்ளான்