ஓடினவர்களுக்கும் கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிதி திரட்டுவதற்காக நடத்தப்படும் நடைகள், ஓட்டங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'இத்தனை ஆர்ப்பாட்டம் எதற்கு? அந்தப் பணத்தை நேரடியாக நன்கொடையாகக் கொடுத்துவிட்டு வீட்டிலேயே இருக்கலாமே' என்று கட்டுரையாளர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளில் பல ஆண்டுகள் பதிவு மேசையிலும் கணக்குப் பக்கத்திலும் உட்கார்ந்தவள் என்ற முறையில், அவர் தவறான இடத்தில் குறை கண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

வீட்டில் இருப்பவர்களில் பெரும்பாலோர் கொடுப்பதில்லை. கல் நெஞ்சம் எல்லாம் இல்லை. 'அப்புறம் கொடுக்கலாம்' என்று நினைப்பதிலேயே ஆண்டு ஓடிவிடுகிறது, அவ்வளவுதான். அதே ஆளிடம் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தாளை நீட்டி, "ஞாயிற்றுக்கிழமை பத்துக் கிலோமீட்டர் நடக்கப் போறேன், கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு உங்க பேர்ல எழுதிக்கட்டுமா?" என்று கேட்டால் மறுக்க மனசு வராது. அந்தத் தாளில் மேலே இருக்கும் பெயர்களையும் தொகைகளையும் ஒருமுறை பார்ப்பார். அதற்குக் குறையாமல் தன் தொகையை எழுதுவார். பதிவு மேசையில் கசங்கி வந்து சேரும் அந்தத் தாள்களைப் புரட்டினால் இது அப்படியே தெரியும்: முதல் ஆள் தாராளமாக எழுதியிருந்தால் தாள் முழுக்கத் தாராளம்தான்.

கேட்பவர் தன் உடம்பை வருத்திக்கொள்கிறார் என்பதற்கும் ஒரு தனி மதிப்பு இருக்கிறது. ஒலிவோலா, ஷஃபீர் என்ற இரு ஆய்வாளர்கள் 2013ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. ஒரு நல்ல காரியத்துக்காகச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம் என்று அழைப்பதைவிட, சில மைல் ஓட வேண்டும் என்று அழைத்தால் அதிகம் கொடுக்க மக்கள் தயாராக இருக்கிறார்கள். கணக்கு வாத்தியாருக்கு இது பிடிக்காது. மனுஷ சுபாவம் அப்படி.

கனடாவின் டெர்ரி ஃபாக்ஸை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. எலும்புப் புற்றுநோயால் 1977ல் வலது காலை முழங்காலுக்கு மேலே இழந்தவர். 1980 ஏப்ரலில் செயற்கைக் காலோடு நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து ஓடத் தொடங்கினார். நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு முழு மாரத்தான் தூரம். 143 நாளில் 5,373 கிலோமீட்டர் கடந்த பிறகு, நோய் நுரையீரலுக்குப் பரவிவிட்டதால் தண்டர் பே நகருக்கு அருகே நிறுத்த வேண்டியதாயிற்று. அவர் கேட்டது ஒரு கனடியருக்கு ஒரு டாலர். மறு ஆண்டு பிப்ரவரிக்குள் 2 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்துவிட்டது. அன்றைய மக்கள்தொகையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஜூனில் அவர் இறந்தார். செப்டம்பரில் நடந்த முதல் நினைவு ஓட்டத்துக்கு 3 லட்சம் பேர் வந்தார்கள். தன் ஓட்டத்தை வைத்து எந்த நிறுவனமும் விளம்பரம் தேடிக்கொள்ள டெர்ரி இடம் கொடுத்ததில்லை. அவர் பெயரில் இன்றும் நடக்கும் ஓட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, முதல் பரிசு கிடையாது. ஓடலாம், நடக்கலாம், சக்கர நாற்காலியில் வரலாம்.

இன்னொருவர் அமெரிக்காவின் டகோமா நகரத்து அறுவை மருத்துவர் கோர்டி கிளாட். 1985 மே மாதம் ஒரு மைதானத்தின் ஓடுபாதையை 24 மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தார்; மொத்தம் 83 மைல். அவரோடு அரை மணி நேரம் ஓடவோ நடக்கவோ விரும்பிய நண்பர்கள் ஆளுக்கு 25 டாலர் கொடுத்தார்கள். புற்றுநோய் நிதிக்கு 27,000 டாலர் சேர்ந்தது. 'ரிலே ஃபார் லைஃப்' என்று இன்று பல நாடுகளில் நடக்கும் நிகழ்ச்சியின் தொடக்கம் அந்த ஒரு நாள்தான்.

ஆக, நடப்பதிலோ ஓடுவதிலோ எனக்குச் சந்தேகம் இல்லை. இப்போது நிறைய நிகழ்ச்சிகளில் அந்தத் தாள் காணாமல் போய்விட்டதே, அதுதான் என் வருத்தம். அதற்குப் பதிலாக ஒரு பதிவுக் கட்டணம். கட்டணத்தைக் கட்டினால் டி-ஷர்ட், பதக்கம், நெஞ்சில் குத்திக்கொள்ள எண் அட்டை, அதன் பின்பக்கம் நேரத்தைக் கணக்கிடும் சிப், முடிந்ததும் போட்டோ. பங்கேற்பவர் ஒரு காலைப் பொழுதை விலைக்கு வாங்குகிறார். நன்கொடை கொடுத்துவிட்டதாக நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். அவர் கொடுத்ததில் எவ்வளவு உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்று யாரும் சொல்வதில்லை, அவரும் கேட்பதில்லை.

டி-ஷர்ட் விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். அச்சடிக்க ஆர்டரைப் பல வாரங்கள் முன்னாலேயே கொடுத்தாக வேண்டும். அப்போது எத்தனை பேர் வருவார்கள், யாருக்கு என்ன சைஸ் என்று யாருக்கும் தெரியாது. போதாமல் போய்விட்டால் சண்டை வரும் என்று கூடுதலாகவே சொல்வார்கள். நிகழ்ச்சியன்று நடு சைஸ் எல்லாம் முதல் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கடைசியில் மிகச் சிறியதும் மிகப் பெரியதும் அட்டைப் பெட்டிகளில் கிடக்கும். தேதி அச்சடித்திருப்பதால் அடுத்த ஆண்டுக்கும் உதவாது. நோயாளியின் மருந்துக்கு என்று வசூலித்த காசு அந்தப் பெட்டிகளுக்குள் மடித்து வைத்துக் கிடக்கும்.

கூட்டம் அதிகமானால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். ஆகாது. மேடை, ஆம்புலன்ஸ், அனுமதி, காப்பீடு ஆகியவற்றின் செலவு கூட்டத்தோடு அவ்வளவாக ஏறாது, சரி. ஆனால் டி-ஷர்ட், பதக்கம், சிப், தண்ணீர் எல்லாம் தலைக்கு இவ்வளவு என்று ஏறிக்கொண்டே போகும். கட்டணமும் அந்தத் தலைக்கான செலவும் ஒட்டினாற்போல் இருந்தால், பத்தாயிரம் பேர் ஓடினாலும் கையில் ஒன்றும் நிற்காது. சில சமயம் கையைக் கடிக்கும். ஸ்பான்சர் நிறுவனம் செலவை ஏற்றுக்கொண்டால் தப்பிக்கலாம். அப்படி ஏற்றுக்கொண்டது எவ்வளவு என்பதும் வெளியே தெரிய வேண்டும்; டி-ஷர்ட்டின் முதுகு முழுக்க அவர்கள் பெயர்தானே இருக்கிறது.

செலவே இல்லாமலும் நடக்கலாம் என்பதற்கு பிரிட்டனின் டாம் மூரைச் சொல்லலாம். 2020 ஏப்ரலில், 100 வயதைத் தொடுவதற்குள் தன் வீட்டுத் தோட்டத்தை நூறு முறை நடந்து கடப்பதாக, நடக்க உதவும் சட்டகத்தைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். கேட்டது 1,000 பவுண்டு. சேர்ந்தது 3 கோடிப் பவுண்டுக்கும் மேல், பொதுச் சுகாதாரச் சேவைக்கான அறக்கொடைகளுக்கு. பிறகு அவர் பெயரில் தொடங்கப்பட்ட தனி அறக்கட்டளையின் நிர்வாகத்தில் தவறுகள் நடந்ததாக அந்நாட்டு அறக்கொடை ஆணையம் 2024ல் அறிக்கை வெளியிட்டது. நடந்து திரட்டிய தொகைக்கும் இதற்கும் தொடர்பில்லை. இருந்தாலும் அந்தப் பெரியவரின் பெயரும் சேர்ந்தல்லவா அடிபட்டது. நல்ல மனிதர், நல்ல நோக்கம் என்பதற்காகக் கணக்கு கேட்கக் கூச்சப்படக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

பழைய முறைக்குத் திரும்புவது அப்படியொன்றும் கஷ்டமில்லை. முன்பெல்லாம் வாக்குக் கொடுத்தவர்களிடம் ஓடி முடித்த பிறகு வீடு வீடாகப் போய் வசூலிக்க வேண்டும். அதில் பாதிப் பேர் ஊரில் இருக்க மாட்டார்கள். இப்போது ஒவ்வொரு பங்கேற்பாளரும் இணையத்தில் தனக்கென ஒரு பக்கம் வைத்து முன்கூட்டியே வாங்கிவிடலாம். (அந்தத் தளம் பிடித்துக்கொள்ளும் கமிஷனையும் கணக்கில் சேருங்கள்!) டி-ஷர்ட் வேண்டும் என்பவர் தனியாகக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளட்டும். சிப் வேண்டும், நேரம் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்குப் போட்டி ஓட்டங்கள் ஏராளமாக இருக்கின்றன. எல்லோருக்கும் பின்னால் ஒரு பாட்டி பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வருவாரே, அவருக்குப் பாதை திறந்திருந்தால் போதும். பல இடங்களில் அவர் முடிப்பதற்குள் தடுப்புகளைக் கழற்றத் தொடங்கிவிடுகிறார்கள். இதுவும் மாற வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பருவத்திலும் இத்தகைய ஓட்டங்களின் அறிவிப்புகளை இலவசமாகவே வெளியிடுகிறீர்கள். அறிவிப்பைக் கொண்டுவருபவர்களிடம் சென்ற ஆண்டில் மொத்தம் வந்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு, உரியவர்களிடம் எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தீர்கள் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கி, அறிவிப்போடு சேர்த்தே அச்சிடுங்கள். முதல் ஆண்டாக நடத்துபவர்கள் என்றால், முடிந்து இரண்டு மாதத்துக்குள் தருவதாக ஒப்புக்கொள்ளட்டும். தர மறுப்பவர்கள் கட்டணம் கட்டி விளம்பரம் கொடுத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி ஒருத்தி