மொட்டை மாடிக் கருவியை மாற்ற வேண்டாம்

அன்புள்ள கயலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். எடின்பரோவில் குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ.

மாடியில் இருக்கும் வானிலைக் கருவி மழையைக் குறைத்துக் காட்டுகிறது, தூக்கிப் போட்டுவிடுங்கள், புதுசு அனுப்புகிறேன் என்று போனில் சொன்னாய். அனுப்பாதே. ஐப்பசி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நானும் அப்பாவும் அதை முழுக்கப் பிரித்துச் சரிசெய்துவிட்டோம். அங்கிருந்தபடி நீ செய்ய வேண்டிய வேலையும் கொஞ்சம் இருக்கிறது, அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் மழைமானி. புனலைக் கழற்றிப் பார்த்தால் வேப்பஞ்சருகும் காக்கை எச்சமும் தூசியும் சேர்ந்து அடை அடையாக அப்பியிருந்தன. தண்ணீர் இறங்கும் துளையில் குளவி மண் பூசிப் பாதியை அடைத்திருந்தது. உள்ளே இருக்கும் இரட்டைத் தொட்டி சீசாப் பலகை மாதிரி மாறி மாறிச் சாய வேண்டும். ஒரு சாய்வுக்கு 0.2 மி.மீ. கணக்கு. அதன் அச்சைச் சுற்றிச் சிலந்தி நூல். வெந்நீரும் பழைய டூத் பிரஷ்ஷுமே போதுமாக இருந்தன. தொட்டியின் உட்புறத்தை மட்டும் விரலால் தொடவில்லை. கைப்பிசுக்கு ஒட்டினால் தண்ணீர் வழிந்து இறங்காமல் முத்து முத்தாக நின்றுவிடும்.

அழுக்கு மட்டும் காரணமில்லை. மாடியில் தட்டோடு மாற்ற வந்தவர்கள் கம்பத்தைப் பிடுங்கி மறுபடி நட்டார்கள் இல்லையா, அதில் அது லேசாகச் சாய்ந்திருக்கிறது. வெறும் கண்ணுக்குத் தெரியாது. அப்பா ரசமட்டத்தை வைத்ததும் குமிழி ஓரத்துக்கு ஓடிவிட்டது. சாய்ந்திருந்தால் இரண்டு தொட்டியும் ஒரே அளவு நீரில் கவிழாது, கணக்கு தப்பும். அடியில் தகடு கொடுத்து மட்டம் பார்த்து முடுக்கினார்.

அப்புறம் அளந்து பார்த்தோம். புனல் வாயின் விட்டம் 16 செ.மீ., பரப்பு சுமார் 201 சதுர செ.மீ. அப்படியென்றால் 1 மி.மீ. மழைக்கு 20 மி.லி. தண்ணீர், அரை லிட்டர் விட்டால் ஏறக்குறைய 25 மி.மீ. காட்ட வேண்டும். கடகடவென்று ஊற்றக்கூடாது. பாட்டில் மூடியில் ஊசித் துளை, காற்று போக அடிப்பக்கம் இன்னொரு துளை, கவிழ்த்துவிட்டால் ஒரு மணி நேரத்துக்கு மேல் சொட்டிக்கொண்டிருக்கும். கை வைப்பதற்கு முன் 21.4 காட்டியது, இப்போது 24.6. எனக்கு இது போதும்.

கொட்டும் மழையில் இந்த வகை மானி கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும். தொட்டி கவிழ்கிற அந்தக் கணத்தில் விழும் நீர் கணக்கில் சேராது. 2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்ததே, அந்த மாதிரி மழையில் இந்தக் குறை பெரிதாகும். அதற்காகப் பக்கத்திலேயே நேர்ச்சுவர் உள்ள எவர்சில்வர் டப்பா ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறேன். மழை நாட்களில் காலை 8.30-க்கு ஸ்கேல் விட்டு அளந்து நோட்டில் எழுதிவிடுவேன். வானிலை மையமும் 8.30-க்கு 8.30 என்றுதான் மழையைக் கணக்கிடுகிறது, ஒப்பிடச் சுலபம்.

வெப்பமானியின் வெள்ளைத் தட்டுகளுக்கு இடையில் பல்லி முட்டை இருந்தது. தட்டெல்லாம் பழுப்பேறி, காற்று நுழைய வழியில்லாமல் ஒட்டடை. நம் திருவான்மியூரில் கத்திரி வெயில் நேரத்தில் கடல்காற்று உள்ளே வந்ததும் வெப்பக் கோடு சட்டென்று இறங்கும், ஈரப்பதம் ஏறும். இந்த வருஷம் மே மாதக் கோட்டை எடுத்துப் பார், இறக்கம் மழுங்கிப் போயிருக்கும். கருவிக்குள் காற்று போகவில்லை என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்தி மாட்டிவிட்டோம்.

ஈரப்பதம் என் பங்கு. இத்தனை வருஷம் வேதியியல் நடத்தியவள் சும்மா இருப்பேனா? ஒரு கிண்ணத்தில் சமையல் உப்பைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, ஈர மணல் பதத்தில் வைத்து, காற்றுப் புகாத டப்பாவுக்குள் சென்சாருடன் சேர்த்து இரவு முழுக்க மூடி வைத்தேன். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும், அது உப்பின் இயல்பு. உப்பு சென்சாரில் படக்கூடாது. டப்பா பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும், எவர்சில்வரில் சிக்னல் வராது. காலையில் 79 காட்டியது. உப்புக் காற்றில் இத்தனை காலம் நின்றதற்கு இது ஒன்றும் மோசமில்லை.

காற்றுமானி ஓடுகிறது, ஆனால் மென்காற்றில் சுற்ற மறுக்கிறது. பேரிங் துருப்பிடித்திருக்கிறது. பேட்டரி முனைகளில் பூத்திருந்த பச்சையை எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்தாயிற்று. தொட்டி சாய்வதை எண்ணுகிற மழைமானியின் ரீட் ஸ்விட்ச் (காந்தம் அருகே வந்தால் இணையும் சின்ன ஸ்விட்ச்) மட்டும் ரிச்சி தெருவில் வாங்கி வந்து அப்பா பற்றவைத்தார்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பாய். நுங்கம்பாக்கத்தில் 1792-இல் வானாய்வுக்கூடம் கட்டிய ஊர் இது. அங்கேயும் மீனம்பாக்கத்திலும் எடுக்கும் கணக்கு இருக்கிறது, ஆனால் கடலை ஒட்டிய நம் தெருவின் காற்றும் வெயிலும் வேறு. அதை ஒரே இடத்தில், ஒரே கருவியில், நீ கல்லூரியில் படித்த காலத்திலிருந்து எழுதி வைத்திருக்கிறோம். வர்தா புயலும் மிக்ஜாம் புயலும் அதில் இருக்கின்றன. புதுக் கருவி வந்தால் அதன் குணம் வேறு. நாளைக்கு ஒரு எண் மாறினால், மாறியது ஊரா கருவியா என்று யாராலும் சொல்ல முடியாது. என்றைக்காவது மாற்றத்தான் வேண்டும் என்றால் பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரு வடகிழக்குப் பருவமழை முழுவதையும் பார்க்கட்டும், அதற்குப் பிறகு மாற்றலாம்.

இனி உன் வேலை. செயலியில் ஈரப்பதத் திருத்தத்தை −4 ஆக்கு. மழைக்குத் திருத்தம் எதுவும் போடாதே. மாற்றிய தேதியை எழுதி வை. பழைய எண்களைத் தொடாமல், தட்டோடு வேலைக்குப் பிந்தைய மழைக் கணக்கில் மட்டும் சந்தேகம் என்று குறிப்புப் போடு. பொங்கலுக்கு வரும்போது காற்றுமானிக்குத் துருப்பிடிக்காத பேரிங் இரண்டு வாங்கி வா, அளவை அப்பா தனியாக அனுப்புவார்.

அன்புடன்,
அம்மா