எனக்குச் சொல்லும் விலையை என் மாணவருக்கும் சொல்லுங்கள்: கிட்டார் கடைக்காரர்களுக்கு ஒரு மடல்

சென்னையில் இசைக்கருவிக் கடை நடத்தும் அனைவருக்கும்,

வணக்கம். பதினாறு வருடமாகப் பிள்ளைகளுக்கு கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். உங்களில் பலருக்கு என் முகம் தெரியும். ஒவ்வொரு ஜூனிலும் நாலைந்து பெற்றோரைக் கூட்டிக்கொண்டு உங்கள் கடை வாசலில் வந்து நிற்பவன் நான்தான்.

போன வருடம் ஒரு மாணவியின் அம்மா எனக்காகக் காத்திருக்காமல் தனியாகவே கடைக்குப் போய்விட்டார். வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுப்பவர். அட்டையில் எம்.ஆர்.பி. 13,990 ரூபாய். "ஃபிக்ஸட் ரேட்மா, உங்களுக்காக 13,500. பேக் ஃப்ரீ" என்றிருக்கிறார்கள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அதே வாரம் இன்னொரு மாணவனுக்காக நான் அதே கடைக்கு ஃபோன் செய்தேன். அதே மாடல், அதே நிறம். "சாருக்கு 11,200. உங்களுக்குத் தனியா ஐந்நூறு" என்று பதில் வந்தது.

அடுத்த வகுப்பில் அந்த அம்மா பில்லை என்னிடம் நீட்டி, "விலை சரிதானே சார்?" என்று கேட்டார். 2,300 ரூபாய்க்கு அவர் எத்தனை பிளவுஸ் தைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். சரி என்று சொல்ல வாய் வரவில்லை.

அந்தக் கடையின் பெயரை எழுதப் போவதில்லை. இது ஒரு கடையின் பழக்கம் மட்டும் இல்லை. வாத்தியாருக்கு ஒரு ரேட், பேரம் பேசத் தெரிந்தவருக்கு ஒரு ரேட், முதல்முறையாகக் கூச்சத்தோடு உள்ளே வருபவருக்கு ஒரு ரேட் என்றுதான் பல இடங்களில் நடக்கிறது. இதில் அதிகம் கொடுப்பவர் எப்போதும் கடைசி ஆள்தான். வாத்தியாருக்கான அந்த ஐந்நூறை நான் வாங்குவதில்லை, பில்லில் கழித்துவிடச் சொல்வேன். மற்ற ஆசிரியர்களும் அப்படியே செய்ய வேண்டும் என்று இங்கேயே கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் பக்கத்துக் கஷ்டமும் எனக்குத் தெரியும். கடை வாடகை ஏறிக்கொண்டே போகிறது. ஒரு கிட்டார் வருடக்கணக்கில் சுவரிலேயே தொங்கினால் முதலும் அங்கேயே தொங்குகிறது. ஒரு மணி நேரம் வாசித்துப் பார்த்துவிட்டு, உங்கள் கடைப் படியில் நின்றபடியே ஆன்லைனில் ஆர்டர் போடுபவர்களை நானே பார்த்திருக்கிறேன். அதனால் ஆன்லைன் விலைக்கே தாருங்கள் என்று கேட்க மாட்டேன். உங்களுக்கு லாபம் வேண்டும். அது எல்லோரிடமும் ஒரே அளவாக இருக்கட்டும், அவ்வளவுதான்.

"கம்பெனி சொன்ன ரேட்டுக்குக் கீழே விற்றால் சப்ளையை நிறுத்திவிடுவார்கள்" என்று உங்களில் சிலர் என்னிடம் வருத்தத்தோடு சொன்னதுண்டு. உண்மையிலேயே அப்படி ஒரு நெருக்கடி இருந்தால் அதற்குப் பணிய வேண்டியதில்லை. பிரிட்டனில் 2013 முதல் 2018 வரை, ஆன்லைனில் குறிப்பிட்ட விலைக்குக் கீழே கிட்டார் விற்கக் கூடாது என்று ஃபெண்டர் நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு கடைகளைக் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. அங்குள்ள போட்டி ஒழுங்குமுறை ஆணையம் 2020 ஜனவரியில் 45 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது. நம் நாட்டிலும் 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் இருக்கிறது. விற்கும் விலையைக் கடைக்காரர் மேல் திணித்து, அதனால் சந்தையில் போட்டி கெட்டால், அந்தச் சட்டத்தின்படி கேள்வி கேட்கலாம். நீங்கள் சேர்ந்து கேட்டால் நாங்களும் கூட நிற்போம்.

அப்புறம் ஜிஎஸ்டி. "பில் வேணும்னா டாக்ஸ் தனி" என்ற பேச்சு இன்னும் காதில் விழுகிறது. எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் சேர்ந்த உச்ச விலை. அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்கக் கூடாது. பில் இல்லாமல் வாங்கிப் போன பிள்ளைக்குப் பிரிட்ஜ் (கம்பிகளை மேல்பலகையோடு பிடித்திருக்கும் கட்டை) பெயர்ந்தால் வாரண்டி கேட்கக்கூட வழியில்லை.

இலவசமாகத் தரும் பேக், கேப்போ, பிக் இதெல்லாம் எங்களுக்கு முக்கியமில்லை. பேக்கின் ஜிப் மூன்று மாதத்தில் போய்விடும். எங்களுக்கு வேண்டியது செட்டப், அதாவது கம்பியின் உயரத்தை வாசிக்க வசதியாகச் சரிசெய்து தருவது. அந்த மாணவியின் கிட்டாரை வகுப்பில் அளந்து பார்த்தேன். 12-ஆவது ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையில்) ஆறாவது கம்பி நாலு மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. இரண்டரை இருந்தால் போதும். கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட்டின் பள்ளங்களும் ஆழமில்லை. முதல் ஃபிரெட்டில் எஃப் கார்டு (பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தி வாசிக்கும் ஸ்வரக் கூட்டு) பிடிக்க அவள் கட்டைவிரல் வெளுக்கும் அளவுக்கு அழுத்தினாள், சத்தமே வரவில்லை. "எனக்குக் கை சின்னது, அதான் சார்" என்றாள். கையில் ஒரு குறையும் இல்லை. கழுத்துக்குள் இருக்கும் இரும்புத் தண்டான ட்ரஸ் ராடைக் கால் சுற்று திருப்பி, பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கும் சேடிலின் அடியைத் தேய்த்து, நட்டைக் கொஞ்சம் அரத்தால் இழைத்ததும் அதே விரல்களில் எஃப் ஒலித்தது. கிட்டார் கையில் வந்த ஒரு மாதத்தில் விட்டுவிடும் பிள்ளைகளில் பாதிப் பேரையாவது இந்த ஒன்றரை மில்லிமீட்டர்தான் விரட்டுகிறது என்பது என் அனுபவம்.

சென்னைக் காற்றின் ஈரத்தில் மரம் ஊறும், மேல்பலகை லேசாக உப்பும், கம்பி இன்னும் மேலே ஏறும். பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே கொடுக்கும் கிட்டார் இந்த ஊருக்குச் சரிப்படாது. ஆன்லைனில் வாங்குபவருக்கு இதைச் செய்துதர ஆள் கிடையாது, உங்களிடம் இருக்கிறார். அதற்கு எழுநூறோ எண்ணூறோ பில்லில் தனி வரியாகவே போடுங்கள், சந்தோஷமாகத் தருகிறோம்.

இன்னொன்றும் கேட்கிறேன். "ஸ்ப்ரூஸ் டாப்" (ஸ்ப்ரூஸ் மரத்தில் செய்த மேல்பலகை) என்று மட்டும் சொல்லி விற்காதீர்கள். அது முழுப் பலகையா, ஒட்டுப்பலகையா என்று சொல்லுங்கள். விலையில் பாதி வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. முதல் கிட்டாருக்கு ஒட்டுப்பலகை தாராளமாகப் போதும், நம் ஊர் ஈரத்தையும் அது நன்றாகத் தாங்கும். ஆனால் முழுப் பலகையின் விலைக்கு அதை விற்கக் கூடாது.

எம்.ஆர்.பி. அட்டைக்குப் பக்கத்தில் உங்கள் விற்பனை விலையையும் எழுதி மாட்டுங்கள். பேரம் பேசத் தெரியாதவருக்கும் அந்த விலைதான், எனக்கும் அந்த விலைதான்.

இந்த ஜூனில் ஏழு புதுப் பிள்ளைகள் சேர்கிறார்கள். ஏழு பேரும் பெற்றோரோடு உங்கள் கடைகளுக்கு வருவார்கள். இந்த முறை நான் கூட வரப் போவதில்லை, முன்கூட்டி ஃபோனும் செய்ய மாட்டேன். வகுப்புக்கு வந்ததும் ஏழு பில்லையும் வாங்கிப் பார்ப்பேன்.

அன்புடன்,
ஒரு கிட்டார் ஆசிரியர்