தாமிரத் தகட்டைக் கேளுங்கள்

லேசர்-பிளாஸ்மா ஆய்வுகளுக்கு நிதி பரிந்துரைக்கும் மதிப்பீட்டுக் குழுவினருக்கு,

வணக்கம்.

உங்கள் மேசைக்கு வரும் விண்ணப்பங்களில் ஓர் எண் முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் நிற்கும்: லேசரால் முடுக்கிய புரோட்டானின் உச்ச ஆற்றல். 2000-ல் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்து நோவா பெட்டாவாட் லேசர் 58 மெகா எலக்ட்ரான் வோல்ட்டைக் காட்டியது. 2024-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் குழு 150 என்று அறிவித்தது. விண்ணப்பிப்பவர் இந்த ஏணியில் எந்தப் படி என்று பார்த்தே மதிப்பெண் விழுகிறது. அந்த எண்ணை எப்படி அளந்தார்கள், எத்தனை ஷாட்டில் (லேசரை ஒரு முறை சுடுவது ஒரு ஷாட்) ஒரு முறை அப்படி வந்தது என்பதற்கும் படிவத்தில் இடம் வேண்டும் என்று கேட்கவே இம்மடல்.

புரோட்டான் எங்கிருந்து வருகிறது என்பதிலேயே சிக்கல் தொடங்குகிறது. சில மைக்ரான் தடிமனுள்ள தகட்டின் முன்பக்கம் லேசர் படுகிறது. சூடான எலக்ட்ரான்கள் தகட்டைத் துளைத்துப் பின்பக்கம் வெளியேற, அங்கே மீட்டருக்கு டெராவோல்ட் அளவில் மின்புலம் எழுகிறது. அது இழுத்துச் செல்வது தகட்டில் ஒட்டியிருக்கும் ஈரத்திலும் எண்ணெய்ப் படலத்திலும் உள்ள ஹைட்ரஜனை. தங்கத் தகட்டைச் சுட்டாலும் புரோட்டான் வருவது இதனால்தான். தகட்டைச் சூடாக்கி அந்த அழுக்கை ஓட்டிவிட்டால் புரோட்டான் வற்றிப்போய்க் கனமான அயனிகள் முந்திக்கொள்ளும். ஆக, உச்ச ஆற்றலில் ஒரு பங்கு வெற்றிடப் பம்பின் எண்ணெய்க்கும் சேர வேண்டியது!

அடுத்தது முன்துடிப்பு, அதாவது முதன்மைத் துடிப்புக்கு முன்னே வந்துவிடும் மங்கலான ஒளி. குவியத்தில் 10²⁰ வாட்/செ.மீ.² செறிவு என்றால், அதில் பத்துக் கோடியில் ஒரு பங்கு ஒளி ஒரு நானோநொடி முன்னால் வந்தாலும் 10¹² வாட்/செ.மீ.². முதன்மைத் துடிப்பு வருவதற்குள் தகட்டின் முகம் பிளாஸ்மாவாகிவிடும்; அதிர்ச்சி அலை பின்பக்கத்தைத் தொட்டுவிட்டால் மின்புலம் எழுவதற்கான கூரான எல்லையே மிஞ்சாது. வலுவான ஒளி பட்டால் மட்டுமே பிளாஸ்மாவாகி எதிரொளிக்கும் பிளாஸ்மா ஆடியை வைத்தால் இந்தத் தூய்மை சுமார் நூறு மடங்கு கூடும். விலையாக ஆற்றலில் கால் பங்கோ அதற்கு மேலோ போய்விடும். முதன்மைத் துடிப்புக்கு முன்னான ஒளியை நானோநொடி வரை காட்டும் வளைகோடு இணைக்கப்படாத விண்ணப்பத்தில், செறிவு என்று எழுதியிருப்பது கணக்குப் போட்டு வந்த எண் மட்டுமே.

அளவிகளும் ஏமாற்றும். தாம்சன் பரவளைய அளவி அயனிகளை மின்னேற்றத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதத்தால் பிரிக்கிறது. முழுவதும் எலக்ட்ரான் இழந்த கார்பனும் டியூட்டிரானும் (கன ஹைட்ரஜனான டியூட்டிரியத்தின் அணுக்கரு) அதில் ஒரே கோட்டில் விழும். டியூட்டிரியம் சேர்த்த பிளாஸ்டிக்கைச் சுட்டுவிட்டு அந்தக் கோட்டைக் காட்டி டியூட்டிரான் என்று எழுதினால், கார்பன் எங்கே போயிற்று என்று கேளுங்கள்.

இனித் தாமிரத் தகடு: புரோட்டானின் பாதையில் வைத்து, பிறகு அதில் எழுந்த கதிரியக்கத்தை எண்ணும் எளிய அளவி. ஷாட்டோடு எழும் மின்காந்தத் துடிப்பு பக்கத்திலிருக்கும் மின்னணுக் கருவிகளைக் கெடுத்தாலும் தாமிரத்தை ஒன்றும் செய்யாது. புரோட்டான் பட்டால் தாமிரம்-63 துத்தநாகம்-63 ஆகிறது. அரை ஆயுள் 38.5 நிமிடம். அதே ஷாட்டில் எழும் காமாக் கதிர் ஒரு நியூட்ரானைத் தட்டிவிட்டால் தாமிரம்-62. அரை ஆயுள் 9.7 நிமிடம். இரண்டுமே பாசிட்ரானை உமிழ்பவை, இரண்டும் தருவது அதே 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கோடு. அவற்றைப் பிரிக்கச் சிதைவு வளைகோடு வேண்டும். அதற்கு அறையைத் திறந்து தகட்டை அளவியில் வைக்கும் நேரம் நிமிடக் கணக்கில் இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் தாமதித்தால் துத்தநாகத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும், தாமிரம்-62-ல் எழுபதில் ஒரு பங்குகூட இருக்காது. வேகமான புரோட்டானும் அதே தாமிரம்-62-ஐ உண்டாக்கும் என்பதால் ஒரு தகடு போதாது, அடுக்காக வைக்க வேண்டும். ஷாட் அடித்த நேரமும் எண்ணத் தொடங்கிய நேரமும் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தாலே ஒரு குழுவின் கைப்பழக்கம் தெரிந்துவிடும்.

ஸ்காட்லாந்து இயற்பியலாளர் கென் லெடிங்காமை எடுத்துக்கொள்ளுங்கள். 2000-ல் அவர் குழு இங்கிலாந்தின் வல்கன் லேசரிலும், டாம் கவன் குழு லிவர்மோரிலும் யுரேனியத்தை லேசரால் பிளந்து, ஒரே இதழில் அடுத்தடுத்துக் கட்டுரை வெளியிட்டார்கள். 2003-ல் லெடிங்காம் குழுவின் லேசர் சோதனையில், அணுக்கழிவில் உள்ள அயோடின்-129, அயோடின்-128 ஆனது: 1 கோடியே 57 லட்சம் ஆண்டு அரை ஆயுள் 25 நிமிடத்துக்கு இறங்கியது. அணுக்கழிவு தீர்ந்தது என்ற தொனியில் இதைப் பேசுவது எளிது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 மில்லிகிராம் அயோடின்-129-ல் சுமார் 4.7×10¹⁸ அணுக்கள். ஒரு ஷாட் ஆயிரம் கோடி அணுக்களை மாற்றும் என்று தாராளமாக வைத்தாலும் 47 கோடி ஷாட் வேண்டும். நொடிக்கு ஒன்றாக ஓயாமல் சுட்டால் 15 ஆண்டு. வல்கனின் பெட்டாவாட் கற்றையோ ஒரு முழு ஷாட்டுக்குப் பின் ஆறுவதற்கே சுமார் 20 நிமிடம் எடுத்துக்கொண்டது. அந்தச் சோதனையின் உண்மையான பயன், அயோடின்-129-ல் அந்த வினையின் குறுக்குவெட்டை, அதாவது அது நிகழும் வாய்ப்பின் அளவை, ஒரு மாதிரியில் அளந்ததும், அணுக்கரு வினையையே லேசர் பிளாஸ்மாவின் அளவுகோலாக்கியதும். எங்கள் கணிப்பில் லெடிங்காமின் தாக்கம் அங்கேதான் இருக்கிறது. கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதை வைத்துப் போடும் எச்-குறியீடு இதைக் காட்டாது. இருபது முப்பது பெயர் உள்ள கட்டுரையில் தகட்டை எண்ணியவர் யார் என்பதையும் அது சொல்லாது.

ஆகவே அடுத்த சுற்றுப் படிவத்தில் இரண்டு பக்கம் கூட்டுங்கள். ஒன்றில் மொத்த ஷாட், விலக்கிய ஷாட், விலக்கிய காரணம், உச்சத்தோடு எல்லா ஷாட்டுக்குமான இடைநிலை (median) ஆற்றல். மற்றதில் முன்துடிப்பு வளைகோடும், தனித்தனியான இரு முறைகளில் அளந்த நிறமாலையும். 150 டெராவாட் லேசர் உள்ள இந்தூர் போன்ற ஆய்வகங்களிலிருந்து வரும் விண்ணப்பத்துக்கும் 10 பெட்டாவாட் லேசர் உள்ள ருமேனியாவிலிருந்து வருவதற்கும் இதே பக்கங்கள்தான் இருக்க வேண்டும். நிரப்ப ஒரு நாள் போதும், ஷாட் பதிவேடு ஒழுங்காக இருந்தால்.

இப்படிக்கு,
லேசர்-பிளாஸ்மா அளவீட்டில் பணியாற்றுவோர்