கைப்பேசி இயங்குதளம் எழுதுகிறவர்களுக்கு, கொம்தாரிலிருந்து ஒரு மடல்

இயங்குதளம் எழுதுகிறவர்களுக்கும், அதன் முகத்தை ஆண்டுதோறும் மாற்றுகிறவர்களுக்கும்,

வணக்கம். பினாங்கு ஜார்ஜ்டவுனில், கொம்தார் பக்கம், கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறேன். உடைந்த திரை, உப்பிய பேட்டரி, தண்ணீரில் விழுந்த போன், இவைதான் என் பிழைப்பு. ஆனால் நீங்கள் புதுப் பதிப்பு ஒன்றை வெளியிட்டால் போதும், எந்தப் பழுதும் இல்லாத போன்கள் வரத் தொடங்கிவிடும். கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள்.

ஜெலுத்தோங்கிலிருந்து ஓர் ஆன்ட்டி வந்தார். "தம்பி, மகன் சிங்கப்பூர்லேருந்து கூப்பிடுறான். மணி அடிக்குது, எடுக்க முடியல. கெட்டுப்போச்சா?" என்றார். என் போனிலிருந்து அவர் எண்ணுக்கு அழைத்துப் பார்த்தேன். பச்சைப் பொத்தானில் கட்டைவிரலை வைத்து மேலே தள்ளினார். பல வருடப் பழக்கம், கை அப்படித்தான் போகும். புதுத் திரையோ பக்கவாட்டில் இழுக்கச் சொல்கிறது. மேலே தள்ளினார், மறுபடியும் தள்ளினார், பதற்றத்தில் விரல் இடப்பக்கம் வழுக்கியது, அழைப்பு துண்டிக்கப்பட்டது. "பாருங்க, அதுவா கட் ஆகுது." அழைப்புச் செயலியின் அமைப்புகளுக்குள் போய், இழுப்பதற்குப் பதில் தட்டினாலே எடுக்கும்படி மாற்றிக் கொடுத்தேன். ஒரு நிமிட வேலை. இதற்கெல்லாம் நாங்கள் காசு வாங்குவதில்லை. கோப்பி ஓ (பாலில்லாக் காபி) ஒரு பாக்கெட் வாங்கி வைத்துவிட்டுப் போனார்.

போகும்போது அவர் சொன்னது: "எனக்குத்தான் எங்கேயோ கை பட்டுடுச்சு போல." கிட்டத்தட்ட எல்லாருமே இதைத்தான் சொல்கிறார்கள். திரையை மாற்றியது நீங்கள். தப்பு செய்துவிட்டோம் என்று நினைப்பது அவர்கள். மகனிடம் கேட்கவும் கூச்சம். கேட்டால் அவன் தொலைவிலிருந்தபடியே, "அம்மா, செட்டிங்ஸ் போங்க, கீழே தள்ளுங்க, அதை அமுக்குங்க, ஓகே கொடுங்க" என்று போனிலேயே சொல்லித் தருவான். அவனுக்கும் வேறு வழியில்லை.

இதில்தான் எனக்குப் பயம். போனில் ஒரு குரல் சொல்லச் சொல்ல, படிக்காமலேயே ஓகே அமுக்குவது அவர்களுக்குப் பழகிவிடுகிறது. மக்காவ் மோசடி என்று இங்கே பெயர் பெற்ற போன் மோசடியைச் செய்கிறவனும் இதே தொனியில்தான் பேசுகிறான். போலீஸ் என்கிறான், வருமான வரி அலுவலகம் என்கிறான், அப்புறம் "பயப்படாதீங்க, நான் சொல்ற மாதிரி செய்யுங்க" என்கிறான். கல்யாண அழைப்பிதழ் என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) வரும், அதை அமுக்கினால் வேறு எதுவோ நிறுவப்படும். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபியைக் கைவிடும்படி 2022இல் மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா வங்கிகளுக்குச் சொன்ன பிறகு, பணம் அனுப்புவதற்கான ஒப்புதல் பெரும்பாலும் வங்கிச் செயலிக்குள்ளேயே வந்துவிட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் போனைப் பிடித்தவன் இப்போது வங்கிக் கணக்கையே பிடித்த மாதிரி. மோசடிக்கு ஆளானால் கூப்பிட 997 என்ற எண் 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. அது பெரும்பாலும் காசு போன பிறகு ஞாபகத்துக்கு வரும் எண்.

இந்த மோசடிக் குரலுக்கு எதிராகவே நீங்கள் ஒரு வசதி செய்திருக்கிறீர்கள் என்பது உங்கள் வாடிக்கையாளர்களுக்குத் தெரியுமா? ஆண்ட்ராய்டு 16 வந்தபோது கூகுள் சொன்னது இது: தொடர்புப் பட்டியலில் இல்லாத ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது, ஆபத்தான செயலிகளைக் கண்டுபிடிக்கும் ப்ளே புரொடெக்ட் பாதுகாப்பை அணைக்க முடியாது; ப்ளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து முதல்முறையாகச் செயலி நிறுவ முடியாது; ஒரு செயலிக்கு அணுகல்தன்மை அனுமதியும் கொடுக்க முடியாது. இந்தக் கடைசி ஒன்றுதான் முக்கியம். பார்வையற்றவர்களுக்கு உதவுவதற்காகத் திரையைப் படிக்கவும் பொத்தான்களை அமுக்கவும் ஒரு செயலிக்குத் தரும் அதிகாரம் அது. மோசடிச் செயலியின் கையில் அது கிடைத்தால், ஆன்ட்டி பார்த்துக்கொண்டிருக்கும்போதே வங்கிச் செயலி தானாக நகரும். பேச்சு முடியும்வரை அந்தக் கதவைப் பூட்டி வைப்பது எளிமையான யோசனை. யோசித்தவர் யாராக இருந்தாலும் பினாங்குக்கு வந்தால் எங்கள் ஊர்ச் சிற்றுண்டி பசெம்பூர் என் செலவு.

ஆனால் புதிய பதிப்பு என்றதும் விளம்பரத்தில் வருவது இதுவா? ஐகான்கள் துள்ளுவதும் வண்ணம் மாறுவதும்தான். 2025 செப்டம்பரில் ஐபோனுக்கான ஐஓஎஸ் 26 வந்தது. பேச்செல்லாம் லிக்விட் கிளாஸ் என்ற கண்ணாடித் தோற்றத்தைப் பற்றித்தான். கண்ணாடிக்குள் எழுத்து மிதக்கிறது, அழகுதான், கண்புரை உள்ளவர்களுக்கு எழுத்து மட்டும் தெரியவில்லை. ஒளிபுகும் தன்மையைக் குறைக்கும் சுவிட்ச் அணுகல்தன்மைப் பகுதிக்குள் முன்பே இருந்தது. கண்ணாடியை மங்கலாக்கும் தேர்வு நவம்பரில் 26.1 உடன் வந்தது. சரி, வந்ததே என்று விட்டுவிடலாம்.

எனக்கு அதைவிட வருத்தம், முகம் மாறியதில் அலுத்துப்போனவர்கள் என்னிடம் கேட்பது: "தம்பி, இனிமேல் அப்டேட்டே வராமல் மூடிவிட முடியுமா?" முடியும். மூடினால் முகம் மாறாது, அதோடு மாதாமாதம் வர வேண்டிய பாதுகாப்புத் திருத்தமும் பல போன்களில் நின்றுவிடும். வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் மன்றாடிக்கொண்டிருக்கிறேன். தலைகீழாகிப் போன பச்சைப் பொத்தானைப் பார்த்து வெறுத்தவரிடம், கண்ணுக்குத் தெரியாத ஓட்டையை அடைக்க வேண்டும் என்று சொன்னால் எப்படி எடுபடும்? நீங்கள் இரண்டையும் பிரித்துக் கொடுங்கள். ஓட்டை அடைப்பது தானாக, ராத்திரியோடு ராத்திரியாக நடக்கட்டும். அழைப்பை எடுப்பது, வைப்பது, அவசர எண்ணைக் கூப்பிடுவது, இந்த மூன்றில் எதைத் தொட்டாலும் முதலில் கேளுங்கள். "பழையபடியே இருக்கட்டும்" என்று ஒரு பொத்தானை அதே திரையில், பெரிதாக வையுங்கள். அமைப்புகளுக்குள் ஐந்தாவது அடுக்கில் ஒளித்து வைத்தால் அதைத் தேடித் தருவது என் வேலையாகிவிடுகிறது.

அடுத்தது எச்சரிக்கையின் மொழி. எங்கள் கடைக்கு வரும் போன்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்திலோ மலாயிலோ ஓடுகின்றன. ஆனால் தமிழ்ப்பள்ளியில் படித்த தலைமுறை, பேரப்பிள்ளைகளுக்குத் தமிழில்தான் செய்தி அனுப்புகிறது. முத்து நெடுமாறனின் தமிழ்த் தட்டச்சு மென்பொருள்களான முரசு அஞ்சலும் செல்லினமும் பிறந்த நாடு இது. போனில் தமிழ் தட்டச்சு எங்களுக்குப் புதிதில்லை. ஒருவர் தமிழ் விசைப்பலகையை வைத்திருந்தால் அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியும் என்று போனுக்கே தெரியும். அப்படியிருக்க, "இந்த அழைப்பு மோசடியாக இருக்கலாம்" என்ற வரியை மட்டும் ஏன் ஆங்கிலத்தில் காட்ட வேண்டும்? அந்த ஒரு வரியைத் தமிழிலும் காட்டுங்கள், முடிந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள். மற்ற முந்நூறு மெனுக்கள் எந்த மொழியில் இருந்தாலும் நாங்கள் சமாளித்துக்கொள்வோம்.

இன்னொன்று. அடையாளம் சரிபார்க்கப்பட்ட உருவாக்குநரின் செயலியை மட்டுமே நிறுவ விடும் ஏற்பாடு, 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் தொடங்கும் என்று கூகுள் 2025 ஆகஸ்டில் அறிவித்தது. வெளியிலிருந்து நிறுவப்படும் ஆபத்தான செயலிகளைத் தடுக்கும் சோதனையையும் 2024 பிப்ரவரியில் சிங்கப்பூரில்தான் தொடங்கினார்கள். மேலே தாய்லாந்து, கீழே சிங்கப்பூர், அந்தப் பக்கம் இந்தோனேசியா. நடுவில் இருக்கும் எங்களை முதல் பட்டியலில் காணோம். ஏபிகே கோப்புக்கு எல்லை தெரியாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

ஒரு சின்ன வேண்டுகோளும் உண்டு, சிரிக்காதீர்கள். புதுப் பதிப்பை ஆண்டு நடுவிலோ செப்டம்பரிலோ வெளியிடுகிறீர்கள். சுற்றிவளைத்து இங்குள்ள போன்களுக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் தீபாவளி நெருங்கிவிடும். வெளிநாட்டுப் பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்குக் கூப்பிடும் வாரம் அது. அந்த வாரத்தில் மட்டும் அழைப்புத் திரையில் கை வைக்காதீர்கள்.

அடுத்த பதிப்பைச் சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமானால் சனிக்கிழமை மதியம் யாரையாவது இங்கே அனுப்புங்கள். இளம் பொறியாளராக இருந்தால் நல்லது. பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுத் தருகிறேன். விளக்கம் எதுவும் சொல்லாமல், வருகிற ஆன்ட்டிகள் கையில் போனைக் கொடுத்துவிட்டு, அவர்கள் எண்ணுக்கு அழைத்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
கொம்தார் பக்கத்துப் பழுதுபார்ப்பவன்